எந்த வீட்டுப் பெரியவன்

மாப்ள, நல்லாயிருக்கியா? நீ இருக்கிற இடத்தில் வெயில் எப்படி? இங்கே ராமநாதபுரத்தில் காலையிலேயே தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிறது. உன் முழங்கால் வலி தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே பஸ் ஏறி இறங்குகிற சோலி இருக்காதே.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை வாசலில், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் என் மகள், உன் அக்கா பெற்ற உன் மருமகள், எட்டு மாத வயிற்றோடு. நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள். எனக்குத்தான் கையெழுத்துக்கு மேல் எழுத்து வராது என்று உனக்குத் தெரியுமே. நான் பேசுகிறபடியே எழுதாதே தாயி, புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுது, பேச்சை மட்டும் பேச்சாகவே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

மடியில் அந்த ஓலைக் கொட்டான் இருக்கிறது. இப்போதுதான் மூடியைத் திறந்தேன். கருப்பட்டி வாசம் குப்பென்று வந்தது, கூடவே நீயும் வந்துவிட்டாய். உள்ளே உன் அக்காவின் பழைய கண்டாங்கித் துணி, அதற்குள் உன் ஹார்டு டிஸ்க். கருப்பட்டி தீர்ந்த கொட்டானில் இதை வைத்தேன் என்று தெரிந்த அன்றைக்கு நீ கத்தினாயே, நினைவிருக்கிறதா? "எறும்பு உள்ள போயி எங்கக்கா பேச்சத் தின்னுரும் மச்சான்" என்றாய். நான் எறும்புக்குப் பயந்து சுற்றிலும் மஞ்சள் தூளைத் தூவி வைத்தேன். மறுநாள் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாய். "இது என்ன மச்சான், டிஸ்க்குக்குச் சடங்கா சுத்துறீக?"

பிரசவத்துக்குப் போகுமுன் அம்மாவின் சத்தத்தை ஒரு தடவை கேட்க வேண்டும் என்கிறாள் மகள். ஒரு தடவை போதுமாம். இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் நீ போன பிறகு இதை எந்த மிசினிலும் மாட்டவில்லை. மாட்டப் பயம். இப்போதும் கொட்டான் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறேன். எறும்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எழுதாதே என்றேன், எழுதிவிட்டாள்.

உனக்குத் தெரியாததா, உன் அக்காவுக்கு என்று ஒரு போட்டோகூட உருப்படியாக இல்லை. ஓட்டு அட்டையில் இருப்பது அவளே இல்லை, வேறு யாரோ முறைக்கிறார்கள். நீ சாயல்குடியில் கம்ப்யூட்டர் கடை போட்ட புதிதில், விளையாட்டாக ஒரு மைக்கை வாங்கிவந்து என் வாயருகே வைத்தாய். "நீங்க அடிச்சு விடுற கதையெல்லாம் ஒரு இடத்துல சேந்து கெடக்கட்டும் மச்சான்." நானும் அவிழ்த்து விட்டேன். அவள் அடுப்படியிலிருந்து குறுக்கே குறுக்கே வந்தாள். நான் ஒன்று சொல்ல அவள் ஒன்று சொல்ல, கதை பாதி சண்டை பாதியாக உன் மிசினுக்குள் போய்ச் சேர்ந்தது. அப்போது எனக்கு எரிச்சல். நல்ல இடத்தில் வந்து கெடுக்கிறாளே என்று. அவள் போன பிறகு, உலகத்தில் அவள் சத்தம் இருக்கிற ஒரே இடம் அதுதான் என்றாகிவிட்டது.

அதில் ஒரு கதை, கண்டக்டர் கதை. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எழுபத்தஞ்சோ எழுபத்தாறோ, நான் மீசை முளைத்துத் திரிந்த காலம். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பெரியவன், ஒரு நடுவுள்ளவன், ஒரு சின்னவன். பேர் பள்ளிக்கூடத்தில் இருக்கும், வாயில் இருக்காது. அன்றைக்குக் கடலாடியிலிருந்து வந்த பஸ் கண்டக்டர் டீக்கடையில் ஒரு சேதி சொல்லிவிட்டுப் போனார்: "பெரியவன் தவறிப்போனான், வீட்டுல சொல்லிருங்க." கடைக்காரர் நேரே மேலத்தெரு மாயாண்டி வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார். அவர் வீட்டுப் பெரியவனும் கடலாடிக்குப் போயிருந்தான். வீடு ஓவென்று எழுந்தது. பந்தலுக்குக் கம்பு ஊன்றியாயிற்று. அந்நேரம் அந்தப் பெரியவனே தலையில் ஓலைக்கட்டோடு தெருவில் வாறான். வாசலில் கூட்டத்தைப் பார்த்தவன், கட்டைப் போட்டுவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்காமலே அவனும் சேர்ந்து அழுதான். ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

சிரிக்காத வீடு ஒன்று இருந்தது. கீழத்தெருவில் ஒரு பெரியவன், கடலாடியில் கூலிக்குப் போன இடத்தில் செத்துக் கிடந்தான். அவனைப் பெற்றவர்களுக்குச் சேதி மறுநாள்தான் போனது. அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கேயே அடக்கம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கவில்லை.

இந்தக் கதையில்தான் உன் அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். ஓலைக்கட்டு இல்லை, கலப்பை என்று. அதை அப்புறம் சொல்கிறேன்.

அவள் போன பிறகு வந்த ஐப்பசியில் இடி இறங்கி உன் கடை மிசின் கருகியதே, அன்றைக்கு நீ என் வீட்டுக்கு வந்து நின்ற நிற்பை நான் மறக்கவில்லை. அக்கா செத்த வீட்டில்கூட நீ அப்படி நிற்கவில்லை. "மிசின் போச்சு மச்சான். உள்ள இருந்த டிஸ்க்கு பொழச்சிருக்கு. ஆனா நோஞ்சானாக் கெடக்கு" என்றாய். காதருகே வைத்துக் காட்டினாய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கரண்டு கொடுத்தால் பல்லி மாதிரி சத்தம் போடும் என்றாய்.

ராமேஸ்வரத்தில் உன் சினேகிதர் கடைக்குப் பஸ் ஏறினோம். கோயிலுக்கு வருகிறவர்கள் எடுத்த போட்டோவை சி.டி.யில் போட்டுக் கொடுக்கிற கடை. பாம்பன் பாலத்தில் காற்று பஸ்ஸைத் தள்ளியது. நீ டிஸ்க்கை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, குளிர்கிறவன் மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தாய். எனக்குப் பாலம் ஏறினாலே பயம். கீழே தண்ணீரைப் பார்க்க மாட்டேன். அன்றைக்குத் தண்ணீரை மட்டும்தான் பார்த்தேன், உன் முகத்தைப் பார்க்க முடியாமல்.

கடைக்காரர் நல்ல மனிதர். நாம் போனதும் டிஸ்க்கை வாங்கி, கூட்டத்துக்கு நடுவில் ஒரு மிசினில் மாட்டிவிட்டார். திரையில் இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்தது. யாத்திரைக்காரர்களின் கேமரா கார்டில் தினமும் வருகிற கட்டம்தான் போலிருக்கிறது, அவர் கை பழக்கத்தில் போனது. நீ பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாய். மேசையில் இருந்த டீ கொட்டி என் வேட்டியெல்லாம் ஆனது.

"என்னய்யா, கையை ஒடிச்சிருவ போல" என்றார் அவர்.

நீ டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாய். உன் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னாய். அந்த மிசினுக்கு நம் டிஸ்க்கின் பாஷை தெரியாது. தெரியாத பாஷையைக் கண்டால் இது வெறும் இடம் என்று நினைத்துக்கொள்ளும். "துடைச்சுச் சுத்தம் பண்ணிரவா" என்றுதான் அந்தக் கட்டம் கேட்டதாம். ஆமாம் என்று ஒரு தட்டு தட்டியிருந்தால் போயிருக்கும். அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வடநாட்டு அம்மா, நான் நோயாளி என்று நினைத்துப் பாட்டிலைத் திறந்து தீர்த்தம் கொடுத்தாள். குடித்தேன். உப்பு.

உன் டிஸ்க்கின் பாஷை தெரிந்த மிசின் ஒன்றும் அவரிடம் இருந்தது. அந்தப் பாஷை இருக்கிற ஓசி சி.டி.யை நீயே கொண்டுபோய் அவருக்கு ஏற்றிக் கொடுத்தது. உள் அறையில், துணி போட்டு மூடிக் கிடந்தது. அதில் மாட்டினாய். டிக் என்றது, பல்லியேதான். கொஞ்ச நேரத்தில் திரையில் வரிசை வரிசையாக வந்தது. எல்லாம் இருக்கிறது என்றாய். நான் கும்பிட்டேன். அப்புறம் நீ ஒன்றைத் திறக்கப் போனாய், திறக்கவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏய்யா, எல்லாம் எம்பேருல இருக்கு! ஒனக்கு அனுமதி இல்லைங்குது."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. எழுந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். என் பெண்டாட்டி பேச்சு உன் பேருக்கு எப்படி வந்தது, எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். பாவம், அவர் மூக்குக்கண்ணாடி மூக்கை விட்டு இறங்கிப்போய் நின்றது. நீ என்னைப் பின்னால் இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாய்.

"மச்சான், கண்டக்டர் கதையை நெனைங்க" என்றாய்.

எனக்கு விளங்கவில்லை. நீ பொறுமையாகச் சொன்னாய். இந்த மாதிரி மிசின் எதுவும் ஆளைப் பேர் சொல்லி டிஸ்க்கில் எழுதி வைக்காது. நம்பர்தான் எழுதும். மிசினில் முதலில் சேருகிற ஆளுக்கு ஐந்நூறு, அடுத்த ஆளுக்கு ஐந்நூற்று ஒன்று. "ஐந்நூறுன்னா அந்த வீட்டுப் பெரியவன், அம்புட்டுத்தான். எங்கடையில பெரியவன் நானு. இங்கன பெரியவன் இவரு. ஏத்திக் குடுத்தப்ப ரெண்டாவதாச் சேந்த நான் இங்கன சின்னவன். டிஸ்க்குல பெரியவனோடதுன்னுதான் எழுதியிருக்கு. இந்த மிசின் தன் வீட்டுப் பெரியவனத்தானே காட்டும்?"

ஆள் மட்டுமில்லை, ஆள் சேர்ந்த கூட்டத்துக்கும் ஒரு நம்பர் உண்டு என்றாய். வகையறா மாதிரி. பெரியவன் இல்லாவிட்டாலும் அவன் வகையறா திறந்துகொள்ளலாம் என்று சில இடத்தில் விட்டு வைக்கலாமாம். நீ எதையும் விட்டு வைக்கவில்லை. யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் உனக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்தாய். அந்தப் பூட்டு இப்போது உன்னையே வெளியே நிறுத்திவிட்டது. கடைக்காரர் நினைத்தால் திறக்கலாம், கேட்கலாம், அழிக்கலாம். நீ நினைத்தால் ஒன்றும் முடியாது.

நான் அந்தக் கீழத்தெரு வீட்டை நினைத்தேன். ஒரு சொல் வீடு மாறிப் போனால் பெற்றவர்களே முகம் பார்க்க முடியாது.

கடைக்காரர் சட்டையைச் சரிசெய்துகொண்டு நல்ல யோசனைதான் சொன்னார். "இதுக்கு என்னத்துக்குய்யா இம்புட்டு? டிஸ்க்குல இருக்கிற நம்பரையே மாத்தி விட்டுரு. இல்லாட்டி மிசினுக்குப் பெரிய சாவி ஒண்ணு இருக்குல்ல, அதப் போட்டு எல்லாத்தையும் தொற."

நீ தலையை ஆட்டினாய். நோஞ்சான் டிஸ்க்கில் ஒரு எழுத்து எழுதினாலும் அதுவே கடைசி எழுத்தாகிவிடலாம் என்றாய். பெரிய சாவி எல்லாவற்றையும் திறக்கும், கை தவறினால் எல்லாவற்றையும் அழிக்கவும் செய்யும். அன்றைக்கு உன் கை இருந்த நிலைமையில் அந்தச் சாவியைப் பிடித்தபடி உள்ளே நடக்க உனக்கே தைரியம் இல்லை. அதற்குப் பிறகு நீ சொன்னதைத்தான் மாப்ள, நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்:

"சரக்குல கை வைக்கக் கூடாது. வாசல்ல நிக்கிறவன்கிட்ட அடையாளம் சொல்லி வைக்கணும்."

அதாவது டீக்கடைக்காரரிடம் முன்னாலேயே சொல்லி வைப்பது. கடலாடி கண்டக்டர் பெரியவன் என்று சொன்னால், அது கீழத்தெருப் பெரியவன், மேலத்தெரு இல்லை. கண்டக்டர் சொல்லை மாற்ற வேண்டாம், கேட்கிற காதுக்குச் சொல்லி வைத்தால் போதும். அதே மாதிரி மாட்டும்போதே மிசினிடம் சொல்லிவிட வேண்டும்: அங்கே ஐந்நூறு என்றால் இங்கே ஐந்நூற்று ஒன்று என்று எடுத்துக்கொள், வகையறாவுக்கும் அப்படியே. படிக்க மட்டும் விடு, எழுத விடாதே. டிஸ்க் இருந்தபடியே இருக்கும்.

கழற்றி, மறுபடி மாட்டினாய். முதல் தடவை விரல் பிசகிவிட்டது. திரையைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கைக் கண்டு என்ன என்று கேட்டேன். நீ சொல்லவில்லை. கடைக்காரர்தான் சொன்னார், இந்த மிசினில் இல்லாத ஒரு நம்பர் விழுந்துவிட்டது, போட ஒரு பேரும் இல்லாமல் வெறும் நம்பராக நிற்கிறது என்று. "ஆளில்லாத நம்பரு" என்றார்.

அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம். கரை ஒதுங்குகிற பிணத்துக்கு ஆஸ்பத்திரியில் கால் பெருவிரலில் ஒரு நம்பரைக் கட்டுவார்களே, யாரும் கேட்டு வராவிட்டால் அந்த நம்பரோடேயே புதைத்துவிடுவார்களே, எனக்கு அதுதான் கண்ணில் வந்தது. உன் அக்கா ஆளில்லாத நம்பரில் நிற்கிறாள். நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், பெற்ற மகள் இருக்கிறாள். ஆனாலும் நிற்கிறாள். எங்கள் ஐயனாரைக் கூப்பிட நினைத்துப் பேர் வரவில்லை.

நீ வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டாய். கழற்றினாய். ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டினாய். தட்டி முடித்து, அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாய். "வாசிங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாய். அவர் வாசித்தார். சரி என்றார். அழுத்தினாய்.

உன் பேர் வந்தது. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும், நீ விட்ட மூச்சில் தெரிந்தது.

முதலில் வந்தது என் சத்தம்தான். ஓலைக்கட்டை இறக்கிப்போட்டு அழுகிற இடத்தை நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். அப்போது எங்கோ தூரத்தில், பாத்திரம் உருளுகிற சத்தத்துக்கு நடுவில்:

"பொய்யி. தலையில ஓலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தோள்ல கலப்பை. நீ இதயெல்லாம் ஏத்தாத தம்பி, அவரு இப்பிடித்தான் அடிச்சு விடுவாரு."

தம்பி என்ற சொல்லில் நீ தலையைக் கவிழ்த்தாய். நான் பக்கத்து அறையைத் திரும்பிப் பார்த்தேன், அடுப்படி அங்கே இருக்கிற மாதிரி. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்நேரம் பல்லி திரும்பச் சத்தம் போட ஆரம்பித்தது. ஒன்று, இன்னொன்று, அப்புறம் விடாமல். நீ எதையும் பிரதி எடுக்கவில்லை, பட்டென்று நிறுத்தினாய். கழற்றித் துணியில் சுற்றினாய். "இதுக்கு மேல இன்னைக்கு வேணாம் மச்சான். இன்னொரு தடவ தாங்கும். அந்த ஒரு தடவையில முழுசா எடுத்துரணும். நல்ல டிஸ்க்கா ஒண்ணு வாங்கிட்டு மதுரையில வச்சு எடுப்போம்."

அந்த ஒரு தடவையைத்தான் நாம் தள்ளித் தள்ளிப் போட்டோம். தைப் பொங்கல் கழியட்டும் என்றாய், வெயில் இறங்கட்டும் என்றேன். புது டிஸ்க்கைக்கூட வாங்கி வந்துவிட்டாய், ஆனாலும் மதுரைக்குப் போகவில்லை. ரெண்டு பேருக்கும் பயம். மாட்டினால்தானே போகும், மாட்டாதவரைக்கும் இருக்கிறது என்ற பயம். அதற்குள் ஒரு மத்தியானம் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். கடலாடிக்குத்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம், அங்கேயே போய்விட்டாய். சேதி சொல்லிவிடுகிறவன், பெரியவன் என்று சொல்லாமல் உன் முழுப்பேரையும் அப்பா பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் நின்று பார்த்துக்கொண்டேன். உனக்கு அதையாவது செய்தேன்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததைச் சொல்கிறேன். இந்தக் கடையில் விசாரித்துவிட்டேன், உன் டிஸ்க்கின் பாஷை தெரிந்த மிசின் இருக்கிறது. இங்கே ஐந்நூறு யார் என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, எங்க ஓனரு என்றது. உன் புது டிஸ்க்கும் கொட்டானில் இருக்கிறது. சொல்ல வேண்டியதை பஸ்ஸில் வரும்போதெல்லாம் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தக் கட்டம் வந்தால் தட்டாதே. எழுத விடாதே, படிக்க மட்டும். சரக்கில் கை வைக்காதே, வாசலில் சொல்லி வை. எழுத்து படிக்காதவனுக்கு மனசுதான் டிஸ்க்கு. நீ சொன்னது ஒரு சொல் அழியாமல் இருக்கிறது.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் ராத்திரியெல்லாம் விடை தெரியவில்லை. டிஸ்க்கில் எழுதியிருப்பது நீ. இந்தக் கடையில் நீ சின்னவனும் இல்லை, நடுவுள்ளவனும் இல்லை. அடையாளம் சொல்ல நீயே இல்லை. ஒரு பேர் சொல்லாவிட்டால் உன் அக்கா ஆளில்லாத நம்பரில் போய் நின்றுவிடுவாள். என் பேரைச் சொல்லலாம் என்று நினைத்தேன். எனக்கு இனி எத்தனை நாளைக்கு? அம்மா பேச்சு மகள் பேரில் இருக்கட்டுமே. இவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது தாயி. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எழுதுகிறாள் மாப்ள, உள்ளே இருப்பது உதைக்கிறதாம்.

உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்கள். "பெரியவரே, வாங்க" என்கிறார்கள். பெஞ்சில் என் வயசில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், மூன்று பேருமாக எழுந்து நிற்கிறோம். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். "கொட்டான் வச்சிருக்கிற பெரியவரு" என்கிறார்கள். நான்தான். வாரேன் மாப்ள, கையைப் பிடித்துக்கொள் தாயி, மெதுவாக எழு, அந்தப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அங்கே ஐந்நூறு என்றால் இங்கே